பவிக் மருத்துவமனையில் எல்.எஸ்.டி. சிகிச்சை: மருந்தா, உரையாடலா?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலுள்ள சாண்டோஸ் நிறுவனத்துக்கு 1952இல் சென்ற பிரித்தானிய மனநல மருத்துவர் ரொனால்ட் சாண்டிசன், அங்கிருந்து எல்.எஸ்.டி.யைப் பெற்றுத் தாம் பணியாற்றிய பவிக் மருத்துவமனைக்குக் கொணர்ந்தார். வூஸ்டர் நகருக்கு அருகிலிருந்த இம்மருத்துவமனை 1852இல் மனநோயாளர் காப்பகமாகத் தொடங்கப்பெற்றது. (இசையமைப்பாளர் எல்கர் இளமையில் இங்கு ஊழியர் இசைக்குழுவை நடத்தியவர்.)

யுங்கின் கருத்துகளில் ஈடுபாடு கொண்ட சாண்டிசன், மருந்தே நோயைத் தீர்க்கும் எனக் கருதவில்லை. நனவிலியில் புதைந்த நினைவுகளை அது மேலெழச் செய்யும். அவற்றைப் பேசித் தெளிவதே சிகிச்சை என்பது அவர் நிலைப்பாடு. 1955இல் இதற்கெனத் தனிப்பிரிவு அமைக்கப்பட்டது. நோயாளர் தனியறையில் மருந்து உட்கொள்வர், செவிலியர் உடனிருப்பார், பின்னர் குழுவாகக் கூடி அனுபவங்களை உரையாடுவர். 'எல்.எஸ்.டி. சிகிச்சை' என்னும் வழக்கு, மணிக்கணக்கில் உடனிருந்த செவிலியரின் உழைப்பை மறைத்துவிடுகிறது.

சாண்டிசனும் உடன்பணியாளரும் 1954இல் வெளியிட்ட கட்டுரை 36 நோயாளரைப் பற்றியது. பலர் நலமுற்றதாக அது கூறினும், மருந்தின்றி அதே கவனிப்பைப் பெற்ற ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. எனவே நலத்துக்குக் காரணம் மருந்தா, உரையாடலா, நெரிசல் மிக்க காப்பகத்தில் அரிதாகக் கிட்டிய தனிக் கவனிப்பா என்பதை அக்கட்டுரையைக் கொண்டு பிரித்தறிய இயலாது. அத்தொடக்ககால முடிவுகளை இன்றைய ஆய்வுகளுக்கு முன்சான்றாகக் காட்டுவோர் இக்குறையை எளிதில் கடந்துவிடுகின்றனர்.

நோயாளர் தரப்பு நெடுங்காலம் பதிவுபெறவில்லை. முன்னாள் நோயாளர் சிலர் தொடுத்த வழக்கில், 2002இல் 43 பேருக்கு 1,95,000 பவுண்டு வழங்க பிரித்தானிய தேசிய நலச்சேவை இசைந்தது. வழக்கு நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்ததால், மருந்து விளைவித்த தீங்கு குறித்துத் தீர்ப்பு எதுவும் எழுதப்படவில்லை.