ஓடுறாங்களா, நடக்குறாங்களா? மலை ஓட்டம் பற்றி ஒரு திண்ணைப் பஞ்சாயத்து

2023 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை மணி. கந்தர்வக்கோட்டையில எங்க வீட்டுத் திண்ணை. செல்போனை தண்ணிச் செம்புல சாய்ச்சு வச்சுட்டு நானும் மச்சானும் உட்கார்ந்திருந்தோம். பிரான்ஸ்ல ஷாமொனிங்கற மலையூர்ல அப்ப சாயங்காலம் ஆறு மணி. யூடிஎம்பின்னு சுருக்கமா சொல்ற மலை ஓட்டம் கிளம்புற நேரம். மோன் பிளாங் மலையைச் சுத்தி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்துன்னு மூணு நாட்டு வழியா சுமார் 171 கி.மீ. திருச்சியிலேர்ந்து மதுரைக்கு உள்ளதை விட அதிகம்.

மச்சான் பி.டி. வாத்தியார். ஒரு காலத்துல 800 மீட்டர் ஓடினவர். ஓட்டம்னா எங்க வீட்டுல அவர் சொல்றதுதான் தீர்ப்பு. கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு ஏத்தத்துல முன்னணி ஆளுங்களே ரெண்டு கையிலயும் கம்பு ஊனி நடந்துகிட்டு இருந்தாங்க.

"என்ன மாப்ள, நடக்குறானுங்க?"

சொல்லிட்டு கணக்கு போட ஆரம்பிச்சுட்டார். ஜெயிக்கிறவனுக்கே இருபது மணி நேரம்னா கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்து எல். சூர்யா 2016ல குவாஹாட்டி தெற்காசியப் போட்டியில 5000, 10000 ரெண்டுலயும் தங்கம் வாங்கின பொண்ணு. 10000 மீட்டரை 33 நிமிஷத்துக்குள்ள ஓடுறவங்க. கிலோமீட்டருக்கு மூணேகால் நிமிஷம்! "அதுக்குப் பேரு ஓட்டம். இது ட்ராக்ல தேறாதவன் போற பாதயாத்திரை"ன்னுட்டு படுக்கப் போயிட்டார்.

எனக்குத் தூக்கம் போச்சு. அவர் கேட்டது புதுக் கேள்வி இல்லை. இந்த ஓட்டம் பொறந்த நாள்லேர்ந்து கூடவே வர்ற கேள்விதான். அதனால கதையை ஆரம்பத்துலேர்ந்து சொல்லிடறேன்.

கலிபோர்னியாவுல டெவிஸ் கோப்பைன்னு ஒரு குதிரைப் பந்தயம். 24 மணி நேரத்துல மலைப்பாதையில 100 மைல் போகணும். 1973ல கார்டி ஐன்ஸ்லேங்கறவரோட குதிரை நடுவுலயே நொண்டிடுச்சு. 1974ல அந்த மனுஷன் குதிரையே இல்லாம வந்து, குதிரைகளோட சேர்ந்து ஓடி 23 மணி 42 நிமிஷத்துல முடிச்சார். வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் ஓட்டத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அன்னிக்கு கேள்வி, மனுஷனால முடியுமாங்கறது மட்டும்தான். வேகத்தைப் பத்தி யாரும் பேசலை.

மச்சான் கட்சிக்கு பலமான சாட்சி 1994ல வருது. தென்னாப்பிரிக்காவுல 1921லேர்ந்து நடக்குற காம்ரேட்ஸ் ஓட்டம், மேடும் பள்ளமுமான தார் ரோட்டுல கிட்டத்தட்ட 90 கி.மீ. நியூயார்க் மாரத்தானை 1980, 81, 82ன்னு மூணு தடவை ஜெயிச்ச ஆல்பர்டோ சலாசர், உச்சக் காலம் முடிஞ்சு பல வருஷம் கழிச்சு அங்க போய் 5 மணி 38 நிமிஷத்துல ஜெயிச்சுட்டார். பார்த்தீங்களா, நிஜமான ஓட்டக்காரன் வந்தா இவங்க கதி இதுதான்னு சொல்லலாம். நியாயம்தான்.

ஆனா அது ரோடு. மலையில என்ன ஆகுதுன்னு பார்க்க ஜிம் வாம்ஸ்லி கதைதான் சரி. அமெரிக்கர். அரை மாரத்தானை 64 நிமிஷத்துல ஓடினவர், வேகத்துல குறையே கிடையாது. 2016ல வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்ல சாதனையை உடைக்கிற வேகத்துல போய், 90 மைலைத் தாண்டினப்புறம் திருப்பத்தை விட்டு வழி தப்பி 20வதா வந்தார். 2017ல வயிறு மக்கர் பண்ணி 78வது மைல்ல நின்னுட்டார். 2018ல ஜெயிச்சார். 2019ல 14 மணி 9 நிமிஷம்! ஐன்ஸ்லே காலத்துலேர்ந்து 45 வருஷத்துல ஒன்பதரை மணி நேரம் குறைஞ்சிருக்கு. வெறும் பிடிவாதத்தால இவ்வளவு குறையாது.

அதே வாம்ஸ்லி 2020 பிப்ரவரியில அட்லாண்டாவுல அமெரிக்க ஒலிம்பிக் மாரத்தான் தேர்வுல ஓடினார். 2 மணி 15 நிமிஷம், 22வது இடம். ஜெயிச்ச கேலன் ரப்புக்கு கிட்டத்தட்ட ஆறு நிமிஷம் பின்னாடி. மச்சான் கட்சி கைதட்டலாம். :)

ஆனா அந்த 2:15 வேகத்தை வச்சுகிட்டு யூடிஎம்பியில அவர் பட்ட பாடு இருக்கே! 2017ல ஐந்தாவது. 2018லயும் 2021லயும் பாதியில விலகல். 2022ல பிரான்ஸ் மலைக் கிராமத்துக்கே குடிபோய்ப் பயிற்சி செஞ்சும் நாலாவது. அந்த வருஷம் ஜெயிச்ச கிலியன் ஜோர்னே, மாரத்தான்ல பேர் வாங்கினவர் இல்லை. சின்ன வயசுலேர்ந்து மலையிலயும் பனிச்சறுக்குலயும் வளர்ந்த கால்.

ஏன் இப்படி? யூடிஎம்பியில மொத்த ஏத்தம் மட்டும் சுமார் 10,000 மீட்டர். திருச்சி மலைக்கோட்டைப் பாறை 83 மீட்டர்தான், கிட்டத்தட்ட 120 தடவை ஏறணும். ஏறினதெல்லாம் இறங்கவும் வேணும், அதுதான் கொடுமை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகிட்டே பாரத்தைத் தாங்குது, நார்நாரா கிழியுது. செங்குத்தான ஏத்தத்துல ஓடுறதை விட வேகமா நடக்குறது சக்தியை மிச்சப்படுத்தும், அதனாலதான் அந்தக் கம்பும் நடையும். இதோட ஓடிக்கிட்டே சாப்பிட்டு செரிக்க வைக்கிற வயிறு, இருட்டுல கல்லைப் பார்த்து கால் வைக்கிற கண். இதெல்லாம் உடல் திறமை இல்லாம வேற என்னங்க?

நம்ம பக்கத்து எல்கைப் பந்தயத்துல பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டுன்னு தனித்தனியாத்தான் விடுறோம். தூரமும் வேற வேற. பூஞ்சிட்டை வச்சு பெரிய மாட்டை யாரும் எடை போடறதில்லை. மனுஷனுக்கு மட்டும் ஏன் ஒரே அளவுகோல்?

ஒண்ணை ஒத்துக்கணும். மலை ஓட்டத்துக்கு வர்ற கூட்டம் சின்னது, காசும் கம்மி. உலகத்தின் மிகச் சிறந்த 10000 மீட்டர் ஆளுங்க பெரும்பாலும் இங்க வர்றதில்லை. அதனால "நாங்கதான் உலகத்துலயே பெரிய வீரர்கள்"னு இவங்க சொன்னா அதையும் நம்பவேண்டாம். வேகம் வேணும், வேகம் மட்டும் போதாது. வரலாறு சொல்றது அவ்வளவுதான்.

நம்ம நாட்டுலயும் இது வந்தாச்சு. 2022 ஜூலையில பெங்களூரு கண்டீரவா மைதானத்துல நடந்த ஆசிய ஓசியானிய 24 மணி நேர ஓட்டத்துல அமர் சிங் தேவந்தா 257 கி.மீ.க்கு மேல ஓடி ஜெயிச்சார். ஆண்கள் அணிக்கும் தங்கம்.

திண்ணைக்கு வருவோம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி தாண்டி வாம்ஸ்லி 19 மணி 37 நிமிஷத்துல ஜெயிச்சார். யூடிஎம்பி ஆண்கள் ஓட்டத்தை ஜெயிச்ச முதல் அமெரிக்கர். மச்சானும் டீ கிளாஸோட வந்து பார்த்தார். பெண்கள்ல கோர்ட்னி டவால்டர், அதே கோடையில மூணாவது பெரிய மலை ஓட்டத்தையும் ஜெயிக்கப் போறாங்கன்னு சொன்னேன். பதிலே இல்லை.

ரொம்ப நேரம் கழிச்சு, "நம்மகிட்ட ஒரு புள்ள இருக்கு மாப்ள. 1500ல கடைசி சுத்துல வேகமே வராது. ஆனா காலையில முந்திரிக்காட்டுப் பக்கம் பத்து கிலோமீட்டர் விட்டா, எல்லாரும் உட்கார்ந்தப்புறமும் அது நிக்காது. தையல் கிளாஸுக்குப் போன்னு போன வாரம்தான் சொன்னேன்"னார்.

அப்புறம், "திங்கட்கிழமை வரச் சொல்லணும்"னுட்டு எழுந்து போயிட்டார்.

நடக்குறதுக்குப் பேரு ஓட்டமான்னு இன்னிக்கும் கேட்டுக்கிட்டுதான் இருக்கார். ஆனா அந்தப் பொண்ணு திங்கட்கிழமை வந்துச்சு.