ஹோப் உதவித்தொகை (ஜார்ஜியா)

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 1993 முதல் லாட்டரி வருமானத்திலிருந்து வழங்கிவரும் கல்லூரி உதவித்தொகை. ஆளுநர் ஸெல் மில்லர் கொண்டுவந்தது. பள்ளியில் சராசரி 3.0 புள்ளி பெற்ற மாநில மாணவருக்கு அரசுக் கல்லூரிக் கட்டணம் கிடைக்கும். தொடக்கத்தில் இருந்த குடும்ப வருமான வரம்பு 1995இல் நீக்கப்பட்டது. விமர்சனம் அங்கேதான் சூடுபிடிக்கிறது: வருமானத்தில் ஒப்பீட்டளவில் அதிகப் பங்கை லாட்டரிச் சீட்டுக்குக் கொடுப்போர் ஏழைகள்; உதவித்தொகையைக் கூடுதலாகப் பெறுவதோ வசதியான வீட்டுப் பிள்ளைகள். நிதி போதாமல் 2011இல் தொகை குறைந்தது, 3.7 புள்ளியோடு எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்விலும் உயர் மதிப்பெண் எடுத்தவர்களுக்கே முழுக் கட்டணம் என்றானது. 2023இல் ஹோப் மாணவர்களுக்கு முழுக் கல்விக் கட்டணம் திரும்பியது. விடுதி, உணவுச் செலவுகளை ஹோப் ஏற்பதில்லை; அவற்றுக்குப் பலரும் கூட்டாட்சி அரசின் மாணவர் கடனையே நாடுகிறார்கள்.