கிருபையில் வளர்தல்

மனிதர் தம் முயற்சியால் தம்மைச் செப்பனிட்டுக்கொண்டு கடவுளை எட்டுவதில்லை. கைம்மாறு கேளாமல் கடவுள் தரும் அன்பே அவர்களை மன்னிக்கிறது, மாற்றுகிறது, முதிரச் செய்கிறது என்பது கிறிஸ்தவப் போதனை. தமிழ்ச் சபைகளில் இது ‘கிருபையா, கிரியையா?’ என்ற கேள்வியாகப் பேசப்படுகிறது. கிரியை என்பது மனிதரின் செயல். ‘கிருபையில் வளர்தல்’ என்ற கருத்து, புதிய ஏற்பாட்டில் பேதுருவின் பெயரில் அமைந்த இரண்டாம் நிருபத்தின் கடைசி வசனத்தில் வருகிறது. அந்தப் பேதுருவைப் பழைய கத்தோலிக்கத் தமிழ் இராயப்பர் என்றது. படகோட்டிச் சமூகத்தார் எழுப்பிய தூய இராயப்பர் ஆலயம் நிற்கும் ராயபுரத்துக்கு அவராலேயே அந்தப் பெயர் வந்தது என்று சொல்வதுண்டு. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னை, துறைமுகத்தாலும் ஆலைகளாலும் மீன்பிடியாலும் வாழும் பகுதி. கூலிக்கு உழைப்பது என்னவென்று அறிந்த இந்த மக்களிடம், கூலியாக வராத ஒன்றைப் பற்றிய போதனை வந்து சேர்ந்த வரலாறு இது.

சொற்களின் வரலாறு

கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘காரிஸ்’. தகுதி பாராமல் தரப்படும் கொடை என்பது அதன் பொருள். இதற்குத் தமிழில் மூன்று சொற்கள் வேரூன்றின. சீர்திருத்தச் சபைகள் வடமொழி வழிவந்த ‘கிருபை’யை ஏற்றன. கத்தோலிக்கர் நெடுங்காலம் ‘வரப்பிரசாதம்’, ‘தேவ இஷ்டப்பிரசாதம்’ என்றனர். கோயில் வாசலில் கையேந்தி வாங்குவது பிரசாதம். அதற்கு யாரும் விலை பேசுவதில்லை. இந்தப் போதனையைத் தமிழருக்கு அந்தச் சொல்லே பாதி விளக்கிவிட்டது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘அருள்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. அதற்கும் முன்பே யோவானின் பெயர் கத்தோலிக்கத் தமிழில் அருளப்பர் என்று ஆகியிருந்தது. ‘ஆண்டவர் அருள் செய்தார்’ என்பதே அந்த எபிரேயப் பெயரின் பொருள்.

தமிழ் இலக்கணமும் இப்போதனைக்குத் துணை நின்றது. சபைகள் வழங்கும் ‘நீதிமானாக்கப்படுதல்’, ‘பரிசுத்தமாக்கப்படுதல்’ என்ற இரண்டும் செயப்பாட்டு வினைகள். செய்பவர் கடவுள், பெறுபவர் மனிதர். ‘வளர்தல்’ மட்டும் தன்வினை. பிள்ளையைத் தாய் வளர்க்கிறாள், ஆனால் வளர்வது பிள்ளைதான். இந்த நுட்பமே வளர்ச்சி பற்றிய விவாதங்களின் மையம்.

விவாதத்தின் தொடக்கம்

முதல் நூற்றாண்டில் பவுல், கத்தோலிக்கத் தமிழில் சின்னப்பர், ரோமருக்கு எழுதிய நிருபத்தில் வேலை செய்தவனுக்கு வரும் கூலியையும் கிருபையாய் வரும் கொடையையும் பிரித்துக் காட்டினார். ஐந்தாம் நூற்றாண்டில், மனிதர் தம் மனவுறுதியால் பாவமின்றி வாழ இயலும் என்றார் பெலாஜியுஸ். அந்த மனவுறுதியே நோயுற்றிருக்கிறது, அதைக் குணமாக்குவதும் கிருபைதான் என்று அகுஸ்தீன் மறுத்தார். 418இல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளியது. 1517இல் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தால் மேற்குத் திருச்சபை இதே கேள்வியில் பிளந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இது குறித்த கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன.

தரங்கம்பாடி, வேப்பேரி

1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகளான சீகன்பால்கும் புளூட்சாவும் ஜெர்மனியின் ஹாலே நகர பக்தி இயக்கத்தில் ஊறியவர்கள். அந்த இயக்கம் கிருபையைப் போதித்தது. ஆனால் கண்ணீரும் கலக்கமும் நிறைந்த மனந்திரும்புதல் போராட்டத்தை ஒருவர் கடந்துவர வேண்டும் என்றும் அது எதிர்பார்த்தது. 1760இல் மொரேவியச் சகோதரர்கள் என்ற மற்றொரு சீர்திருத்தக் குழுவினர் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினர். அப்படி ஒரு போராட்டத்தைக் கட்டாயமாக்குவதும் கிரியையாகிவிடும், சிலுவையை நோக்கினால் போதும் என்பது அவர்கள் மரபு. ஐரோப்பாவில் பிணங்கிக் கொண்டிருந்த இரு மரபுகளும் சோழமண்டலக் கரையில் அக்கம்பக்கமாக வாழ்ந்தன.

சென்னையில் இப்போதனைக்கு நல்ல தமிழ் தந்தவர் மிஷனரி யோகான் பிலிப் பப்ரிசியுஸ் (1711–1791). 1742இல் சென்னைக்கு வந்த அவர் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கினார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது கிடைத்த அச்சுக்கூடம் வேப்பேரியில் அவர் பொறுப்புக்கு வந்தது. 1772இல் அவருடைய புதிய ஏற்பாடும் 1779இல் அவருடைய தமிழ் – ஆங்கில அகராதியும் வெளிவந்தன. பிறர் நம்பிக் கொடுத்த பணத்தை அவர் கடனாகக் கொடுத்தார். அது திரும்பி வராததால் முதுமையில் கடன் வழக்கில் சிறைக்கும் போனார். கடன்பட்டவனை மன்னிக்கும் கடவுளைப் பற்றித் தமிழில் எழுதிய மனிதர், தீர்க்க முடியாத கடனோடு வாழ்ந்து மறைந்தார். அவர் தேடித் தேர்ந்த சொற்களின் சாயல் பின்வந்த மொழிபெயர்ப்புகளிலும் படிந்திருக்கிறது.

திருவொற்றியூரின் அருள்

கிறிஸ்தவம் வருமுன்பே ‘அருள்’ தமிழரின் சொல். சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகளைச் சொன்னாலும், ஆன்மாவை விடுவிப்பது திருவருளே என்றது. 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயன் என்றே ஒரு நூல் செய்தார். இராமலிங்க அடிகளார் சென்னையில் வாழ்ந்த இளமைக் காலத்தில் திருவொற்றியூர்க் கோயிலுக்குப் பலகாலம் நடந்து சென்று வழிபட்டார். வடிவுடையம்மன் மீது அவர் மாலை பாடியது அந்தத் தலத்தில்தான். அவர் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்ற பெயரில் அச்சேறின. வைணவத்தில் இதே கேள்வி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி என்ற இரு உவமைகளாகி, வடகலையும் தென்கலையும் பிரிந்து நின்றன. எனவே கிருபையைப் பற்றிய பேச்சு தமிழர் காதுக்குப் புதிதல்ல. அந்தக் கொடை நாசரேத்து இயேசுவின் சிலுவையில் வந்தது என்பதே கிறிஸ்தவம் புதிதாகச் சொன்னது.

வைணவ, கிறிஸ்தவ மரபுகள் இரண்டையும் தம் வாழ்வில் இணைத்தவர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900). வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்ற அவர், ஜான் பனியனின் கதையைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்னும் காப்பியத்தை வெளியிட்டார். அக்கதையில் பயணி சுமக்கும் பாவச் சுமையை அவன் தானாக அவிழ்ப்பதில்லை. சிலுவையின் முன் அது தானே கழன்று விழுகிறது. ஆனால் நடை அங்கே முடிவதில்லை, அதற்குப் பின்னும் வெகுதூரம் போகவேண்டும்.

கெசிக், டோனாவூர்

மன்னிப்பு கிருபையால் வரலாம், அதன்பின் நல்லவராக வாழ்வது நம் பாடுதானே என்ற எண்ணம் சபைகளில் பலமாக இருந்தது. 1875இல் இங்கிலாந்தின் கெசிக் ஊரில் தொடங்கிய கூட்டங்கள் இதை மறுத்தன. பரிசுத்த வாழ்வும் விசுவாசத்தால் பெறுவதே என்றன. கெசிக் கூட்டம் அனுப்பிய முதல் மிஷனரியான ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் பிள்ளைகளுக்கான இல்லத்தை உருவாக்கினார். 1931இல் கீழே விழுந்து காயமுற்ற அவர் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். ஓடியாடிச் செய்யும் ஊழியம் நின்றபின், அந்த அறையிலிருந்து பல நூல்களை எழுதினார். செயலால் அளக்கப்படாத ஆவிக்குரிய வளர்ச்சிக்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று அரிது.

கூலியும் கொடையும்

இதற்கிடையே வடசென்னை தொழிலாளர் பகுதியாக மாறிவந்தது. 1856இல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யும் தொழிலாக எம்.ஆர்.எஃப். தொடங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்ட் ஆலையும் திருவொற்றியூரில் என்ஃபீல்ட் ஆலையும் பின்னர் வந்தன. இந்தத் தொழிலாளர் குடியிருப்புகளில் கத்தோலிக்கம், தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.), லூத்தரன், பெந்தெகொஸ்தே எனப் பல சபைகள் வளர்ந்தன. ‘சுகமா இருக்கீங்களா?’ என்றால் ‘கர்த்தருடைய கிருபையால இருக்கோம்’ என்று பதில் வருவது இவர்களிடம் அன்றாட வழக்கு.

ஷிப்ட், ஓவர்டைம், ஒப்பந்தக் கூலி என்று கணக்கிட்டு வாழ்பவருக்குப் பக்தியும் எளிதில் கணக்காகிவிடும். எத்தனை நாள் உபவாசம், எத்தனை முழு இரவு ஜெபம், எவ்வளவு காணிக்கை என்று எண்ணத் தொடங்கினால் கடவுளும் மேஸ்திரி போலத் தெரிவார். திராட்சைத் தோட்டத்து ஆட்களைப் பற்றி இயேசு சொன்ன உவமை இந்த மக்களுக்கு நேராகப் புரிகிறது. விடியற்காலையில் சாலை முனையில் மண்வெட்டியும் சாப்பாட்டுத் தூக்குமாக நிற்பவர்களை மேஸ்திரி பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போவார். வெயில் ஏறிய பிறகும் அழைப்பு வராமல் நிற்பவரின் முகத்தை அவர்கள் அறிவார்கள். கடைசி ஒரு மணிநேரம் மட்டும் வேலை பார்த்தவருக்கும் முழு நாள் கூலி கிடைத்தது என்று கேட்டதும் முதலில் அநியாயமாகத் தோன்றுகிறது. நாள் முழுக்க அழைக்கப்படாமல் நின்றவரின் இடத்திலிருந்து பார்த்தால் அதுவே நற்செய்தி.

மறுப்பும் பதிலும்

எல்லாம் கிருபை என்றால் சோம்பல் வளருமே என்பது பழைய மறுப்பு. செயலற்ற விசுவாசம் செத்தது என்று யாக்கோபின் நிருபமும் எச்சரிக்கிறது. இதற்குப் பவுல் சொன்ன பதில், மற்றவரைவிடத் தான் அதிகம் உழைத்தது உண்மை, ஆனால் உழைத்தது தன்னிடமிருந்த கிருபையே என்பதாகும். உழைப்பு இங்கு விலை அல்ல, விளைவு. ராயபுரத்தில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த மருத்துவர் மட்டில்டா மக்பெயிலின் பணியால் எழுந்த ரெய்னி மருத்துவமனையை அத்தகைய விளைவாகக் காணலாம்.

இராயப்பரின் கதையிலும் இந்தப் பதில் இருக்கிறது. இரவெல்லாம் வலை வீசியும் மீன்பாடு இல்லாமல் கரையில் வலையை அலசிக்கொண்டிருந்தவர் அவர். இன்னொரு முறை போடச் சொன்ன வார்த்தையை நம்பிப் போட்டார், வலை கிழியும் அளவுக்கு மீன் ஏறியது. ராயபுரத்தை அடுத்த காசிமேட்டில் வலை பொத்துபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வலையைச் சீராக்குவதும் விடியுமுன் கடலுக்குப் போவதும் அவர்கள் வேலை. மீனைக் கடலில் வைத்தது அவர்கள் அல்ல.