மூச்சு வாங்குகிறதா? ஏறுங்கள் சைக்கிளில்!

"மாடி ஏறினால் மூச்சு வாங்குது டாக்டர்." "அப்போ ஏறாதீங்க."

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, நாள்பட்ட நுரையீரல் நோய்க்காரர்களுக்குக் கிடைத்த வைத்தியம் பெரும்பாலும் இதுதான். ஓய்வு, மேலும் ஓய்வு. கேட்க நியாயமாகத்தான் தோன்றும். பழுதான நுரையீரலுக்கு ஏன் கூடுதல் வேலை கொடுக்க வேண்டும்?

1952-ல் நியூயார்க் மருத்துவர் ஆல்வன் பேராக்கும் அவரது சகாக்களும் இதற்கு நேர்மாறாக ஒன்றை எழுதினார்கள். எம்ஃபிசீமா நோயாளிகள் இருவரை ஆக்சிஜன் கொடுத்து நடக்க வைத்தபோது, மூச்சுத் திணறாமல் நடக்கும் திறன் படிப்படியாகக் கூடியது. விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சியால் வரும் முன்னேற்றம் போல இது இருக்கலாம் என்றார்கள். அன்று அதைக் கண்டுகொண்டவர்கள் குறைவு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வேகமாக ஊதச் சொல்லி அளக்கும் கருவியில் இரண்டு பேருக்கு ஒரே எண் வரும். ஆனால் ஒருவர் கடைக்குப் போய் வருவார், மற்றவர் கட்டிலை விட்டு இறங்க மாட்டார். ஊதும் அளவு மட்டும் போதாது, நடக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வழி வந்தது ராணுவத்திலிருந்து! 1968-ல் கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப் படையினருக்காக 12 நிமிட ஓட்டச் சோதனையை வெளியிட்டார். 1976-ல் மெக்கேவினும் சகாக்களும் அதை 12 நிமிட நடையாக மாற்றி, நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி உள்ளவர்களை ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்க விட்டார்கள். முடிந்த தூரம் நடக்கலாம், நடுவில் நின்றும் கொள்ளலாம். நோயாளிகளுக்கு 12 நிமிடம் அதிகம் என்பதால், 1982-ல் பட்லேண்டும் சகாக்களும் 2, 6, 12 நிமிட நடைகளை ஒப்பிட்டார்கள். 6 நிமிட நடை நிலைத்துவிட்டது. இன்றும் உலகம் முழுக்க இருப்பது அதுதான்.

ஆனால் அதில் ஓர் ஓட்டை. வேகத்தை முடிவு செய்வது நோயாளியே. 1984-ல் கனடாவின் கோர்டன் கையாட்டும் சகாக்களும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். பக்கத்தில் நின்று "நல்லா நடக்கிறீங்க, அப்படியே போங்க" என்று உற்சாகப்படுத்தினாலே தூரம் கூடிவிடுகிறது! அப்படியானால் ஒருவரின் உண்மையான எல்லை எது?

அதைக் கண்டுபிடிக்கக் கடினமான சோதனை தேவைப்பட்டது. 1992-ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் சாலி சிங்கும் சகாக்களும் 'ஷட்டில்' நடையை உருவாக்கினார்கள். 10 மீட்டர் பாதை. ஒலிநாடாவில் பீப் சத்தம் வருவதற்குள் மறுமுனையை அடைய வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் வேகம் கூடும். விளையாட்டு வீரர்களின் 'பீப் டெஸ்ட்' தெரியும் அல்லவா? அதன் தம்பிதான் இது. ஆய்வகங்களில் இதே வேலையைச் சைக்கிள் செய்தது. முகமூடி மாட்டி மிதிக்கவிட்டு, முடியாது என்று நிறுத்தும் வரை சுமையை ஏற்றிக்கொண்டே போவார்கள்.

இங்கேதான் ஆச்சரியம். நுரையீரல் முதலில் கைவிட்டுவிடும், எனவே கால் தசைக்குப் பயிற்சியே ஏறாது என்று பலர் நம்பியிருந்தார்கள். 1991-ல் ரிச்சர்ட் காசபுரியும் சகாக்களும் 19 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கடும் பயிற்சி, மற்றதற்கு மெதுவான பயிற்சி, ஆனால் அதிக நேரம். மொத்த வேலை இருவருக்கும் சமம். 8 வாரம் கழித்து, கடுமையாக மிதித்தவர்களின் ரத்தத்தில் அதே வேலைக்கு லாக்டிக் அமிலம் நன்றாகக் குறைந்திருந்தது. அமிலம் குறைந்தால் இழுக்க வேண்டிய மூச்சும் குறையும். நுரையீரல் பழையபடியேதான் இருந்தது. மாறியது தசை!

அடுத்த ஆண்டே கனடாவின் கீரன் கில்லியன் குழு, சைக்கிளை நிறுத்திய நோயாளிகளிடம் காரணம் கேட்டது. மூச்சுத் திணறலுக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ கால் சோர்வைச் சொன்னவர்கள் ஏராளம். ஆக, பல ஆண்டு 'ஓய்வு' காலைத் தேய்த்துவிட்டது. தேய்ந்த கால் சீக்கிரம் அமிலத்தைச் சுரக்கிறது. அது மூச்சை இன்னும் வாங்க வைக்கிறது. உடனே மீண்டும் ஓய்வு. நோயோடு மருந்தும் சேர்ந்து படுக்க வைத்த கதை இது.

சோதனையின் மதிப்பு 2003-ல் இன்னும் தெளிவானது. எம்ஃபிசீமாவில் கெட்டுப்போன நுரையீரல் பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை பலன் தருமா என்று அமெரிக்காவில் 1,218 பேரிடம் ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் முதலில் உடற்பயிற்சி, பிறகு சைக்கிள் சோதனை. பெண்களில் 25 வாட், ஆண்களில் 40 வாட், அதற்கு மேல் மிதிக்க முடியாதவர்கள் 'குறைந்த திறன்' பிரிவு. நோய் நுரையீரலின் மேல்பகுதியில் இருந்து, திறனும் குறைவாக இருந்தவர்கள் அறுவையால் அதிக நாள் வாழ்ந்தார்கள். நோய் மேல்பகுதியில் இல்லாமல், திறன் அதிகமாக இருந்தவர்களிடமோ அறுவைக்குப் பின் இறப்பு கூடியது! யாருக்குக் கத்தி, யாருக்கு வேண்டாம் என்று சொல்வதில் ஸ்கேனோடு ஒரு சைக்கிளும் பங்கு கொண்டது.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் தாத்தாவைப் படியில் ஓட விட வேண்டாம். சோதனையின் நடுவே ரத்தத்தில் ஆக்சிஜன் சரியலாம், இதயம் தடுமாறலாம். அதனால்தான் மருத்துவக் கண்காணிப்பில் செய்கிறார்கள். ஆனால் "மூச்சு வாங்குது" என்று அவர் சொன்னால், "சரி, உட்காருங்க" என்பதோடு பேச்சு முடியக் கூடாது. "எவ்வளவு தூரம் நடக்க முடியுது?" என்பது அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.