கள்ளுக்கடை மூடிய மாவட்டத்தில் பீடி பிழைத்த கதை

1937 அக்டோபர் 1 என்றால் நம் சேலம் மாவட்டத்துப் பெரியவர்களுக்கு ஒரு காலத்தில் மனப்பாடம். ராஜாஜியின் மந்திரிசபை சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது அன்றுதான், அதுவும் நம் மாவட்டத்தில். ராஜாஜிக்குச் சேலம் சொந்த ஊர் மாதிரி. இங்கே வக்கீல் தொழில் பார்த்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, அங்கிருந்து 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகையே மதுவுக்கு எதிராக நடத்தினார். கல்கி அதில் உதவியாசிரியர். அப்படிப்பட்டவர் ஆட்சிக்கு வந்ததும் முதலில் சேலத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியமில்லை.

சட்டம் ஏற்காட்டு மலைக்கும் சேர்த்துத்தான். கீழே கள்ளுக்கடை மூடினால் மேலேயும் மூட வேண்டும். ஆனால் எஸ்டேட்டில் வேலை முடித்து வந்தவர் காதில் செருகியிருந்த பீடியை யாரும் கேட்கவில்லை. சுருட்டையும் கேட்கவில்லை. ஏன்?

எனக்குத் தோன்றும் முதல் காரணம், புகையிலைக்கு நம்மிடம் இருந்த மரியாதை. கள் குடித்தவன் வீட்டில் அடி விழும், பானை உடையும், ஊர் பார்க்கும். பீடி குடித்தவன் திண்ணையில் அமைதியாக உட்கார்ந்திருப்பான். தாம்பூலத் தட்டில் புகையிலை வைத்து உபசரித்த சமூகம் நாம். 'புகையிலை விடு தூது' என்று ஒரு சிற்றிலக்கியமே இருக்கிறது. சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனுக்குப் புகையிலையைத் தூது அனுப்பினார், உ.வே.சா. அதைப் பதிப்பித்தார். போர்ச்சுகீசியரோடு வந்த ஒரு செடி இரண்டு மூன்று நூற்றாண்டுக்குள் முருகன் சந்நிதி வரை போய்விட்டது! காந்தி புகையிலையை வெறுத்தார், எழுதியும் இருக்கிறார். ஆனால் அவருக்குப் பக்கத்திலேயே நேருவும் ஆசாத்தும் சிகரெட் பிடித்தவர்கள்.

இரண்டாவது காரணம் பணம். மதுவிலக்கால் போன வருமானத்தை ஈடுகட்டத்தான் ராஜாஜி 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். இன்று கடையில் நாம் கொடுக்கும் வரிக்கெல்லாம் தாத்தா அதுதான். 1943-ல் வெள்ளைக்கார அரசாங்கம் யுத்தச் செலவுக்காகப் புகையிலைக்குக் கலால் வரி போட்டது. அதன் பிறகு புகையிலை கஜானாவுக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டது. செல்லப்பிள்ளையை யார் அடிப்பார்கள்?

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சாக்கும் இருந்தது: குளிர். "குளிருக்கு ஒரு பீடி" என்று சொல்லாத ஆள் ஏற்காட்டில் உண்டா? ஒண்டிக்கடைப் பக்கம் பெட்டிக்கடையில் ஓரமாகக் கயிறு தொங்கும், நுனியில் நெருப்பு கனிந்துகொண்டே இருக்கும். தீப்பெட்டிச் செலவு மிச்சம். பனி இறங்கும் சாயங்காலம் அந்தக் கயிற்றைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். உண்மையில் நிக்கோட்டின் தோலில் ஓடும் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், விரல் நுனி இன்னும் சில்லென்று ஆகும். சூடு வந்தது பீடியால் அல்ல, பக்கத்தில் நின்ற நாலு பேரால். நானும் முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வட்டத்தில் நின்றவன்தான்.

புகை கொல்லும் என்று கணக்குப் போட்டு அழுத்தமாகக் காட்டியது 1950-ல். லண்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களை விசாரித்தார்கள். 649 ஆண்களில் புகைக்காதவர்கள் இரண்டே பேர். ரோட்டில் போடும் தாரோ, கார்ப் புகையோ காரணமாக இருக்கும் என்றுதான் டால் ஆரம்பத்தில் நினைத்திருந்தார். தன் கணக்கைப் பார்த்துவிட்டுத் தானே சிகரெட்டை நிறுத்தினார். 92 வயது வரை இருந்தார்.

அதே சமயம் அமெரிக்காவில் எவர்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர். 1933-ல் புற்றுநோய் வந்த ஒருவருக்கு ஒரு பக்க நுரையீரல் முழுவதையும் எடுத்துப் பிழைக்க வைத்தவர். தொடர்ந்து புகைத்தவர், சிகரெட்டின் மேல் பழிபோடுவதை முதலில் நம்பவும் இல்லை. 1950-ல் அவருடைய மாணவர் விண்டருடன் சேர்ந்து செய்த ஆராய்ச்சியே அவரை மாற்றியது; விட்டுவிட்டார். 1957-ல் அதே நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். அவர் காப்பாற்றிய நோயாளி அவருக்குப் பிறகும் சில வருஷம் வாழ்ந்தார். டாலைப் பற்றிச் சொல்லும்போது இவரையும் சொல்லாவிட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் சிகரெட், நம்ம பீடிக்கு ஒன்றும் இல்லை" என்று இங்கே ரொம்ப நாள் பேச்சு. அந்தப் பேச்சுக்குப் பதில் நம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் குடும்பங்களில் விசாரித்து, டாக்டர் கஜலட்சுமியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். கிராமத்தில் பெரும்பாலும் பீடிதான். காசநோயால் சாகும் ஆபத்து புகைப்பவர்களுக்குச் சுமார் நாலு மடங்கு என்று வந்தது. நாமெல்லாம் புகையென்றால் கேன்சரை மட்டும் நினைத்துப் பயந்தோம். நம் ஊரில் அது டி.பி.யோடு கைகோத்துக்கொண்டு வேலை செய்தது.

சட்டம் ஒவ்வொரு இடமாகத்தான் வந்தது. 1975-ல் சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை வாசகம். நம் பஸ்களில் "கரம் சிரம் புறம் நீட்டாதீர்" பக்கத்தில் "புகை பிடிக்காதீர்" இருந்தது; இருபது கொண்டை ஊசி வளைவில் ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கும்போது அதை மதித்தவர்கள் எத்தனை பேர் என்பது நமக்குள் இருக்கட்டும். 1999-ல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடத்தில் புகைக்கத் தடை விதித்தது. 2001-ல் முரளி தேவ்ரா வழக்கில் உச்சநீதிமன்றம் நாடு முழுவதுக்கும் சொன்னது. 2003-ல் மத்திய சட்டம். 2008 அக்டோபர் 2 முதல் ஹோட்டல், ஆபீஸ், சினிமா தியேட்டர் எதிலும் கூடாது என்று கறாராக வந்தபோது சுகாதார மந்திரி நம்மூர்க்காரர், அன்புமணி. எழுபத்தொரு வருஷம் முன்னால் கள்ளுக்கு ஒரே நாளில் வந்தது, புகைக்குத் துண்டு துண்டாக வந்தது. கள்ளுக்கு வந்த தடை போய்ப் போய்த் திரும்பி வந்தது. புகைக்கு வந்தது சின்னதாக இருந்தாலும் நிலைத்துவிட்டது. எது நல்ல வழி என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பேன். பிடிக்க இடமில்லாமல் போனதால் விட்டவர்கள் என் நண்பர்களிலேயே பலர்.

இப்போது நம் வயதுக்காரர்கள் சொல்லும் வாதத்துக்கு வருகிறேன். "நாற்பது வருஷம் பிடித்தாயிற்று, இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது?" இதற்கும் அந்த டால்தான் பதில் வைத்திருந்தார். 1951-ல் பிரிட்டிஷ் டாக்டர்களைப் பின்தொடர ஆரம்பித்து, ஐம்பது வருஷம் கழித்து 2004-ல் கணக்கை வெளியிட்டார். புகைத்துக்கொண்டே இருந்தவர்களோடு ஒப்பிட்டால், 40 வயதில் விட்டவர்களுக்குச் சராசரியாக 9 வருஷம் கூடுதல், 50-ல் விட்டவர்களுக்கு 6 வருஷம். 60-ல் விட்டவர்களுக்கும் 3 வருஷம். கிரஹாம் மாதிரி தப்பாதவர்களும் அந்தச் சராசரிக்குள்தான் இருக்கிறார்கள். மூன்று வருஷம் என்பது ஒரு பேத்தி எல்.கே.ஜி.யிலிருந்து ஒண்ணாம் வகுப்பு முடிக்கும் காலம்.

விடுவதற்குத் தனியாக மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மத்திய அரசு 2002-ல் புகையிலையை விட உதவும் மையங்களைத் தொடங்கியபோது அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அதில் ஒன்று. இப்போது பெட்டியின் மேலேயே 1800-11-2356 என்ற இலவச எண் அச்சடித்திருக்கிறார்கள். முதல் வாரம்தான் கொடுமை. எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம் வரும், மூன்று நாலு வாரத்தில் அடங்கும். ஆசை எழும்பும்போது சில நிமிஷம் தள்ளிப்போட்டால் தானாக இறங்கும்.

காபி மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். புகைப்பவர் உடம்பு காபியில் இருக்கும் காஃபீனைச் சீக்கிரம் கரைத்துவிடும். பீடியை நிறுத்தியதும் அந்த வேகம் குறைந்து, வழக்கமான நாலு டம்ளரே ரத்தத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தங்கும். கை நடுக்கம், படபடப்பு, ராத்திரி விழிப்பு எல்லாம் வரும். பீடி இல்லாததால்தான் இப்படி என்று நினைத்துத் திரும்பவும் பற்றவைத்தவர்கள் உண்டு. புகையை நிறுத்தும் அன்றே காபியையும் பாதியாக்கிவிடுங்கள். கூர்க்கிலிருந்து வந்த என் சம்பந்தி இதைக் கேட்டுவிட்டு, "பீடியை விடுவேன், காபியைப் பாதியாக்க மாட்டேன்" என்றார். பீடியை விட்டுவிட்டார். காபி இன்னும் நாலு டம்ளர்தான்.