மணிமாறனின் முப்பாட்டன்

சின்ன வயசில் எத்தனை தடவை 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) பார்த்தேன் என்று கணக்கே கிடையாது. கத்திச்சண்டை, கப்பல், கொள்ளைக்கூட்டம், எம்ஜிஆர் - ஜெயலலிதா முதல் ஜோடி. போன மாதம் மறுபடி பார்த்தபோது கண்ணில் நின்றது அடிமைச் சந்தைதான். வைத்தியர் மணிமாறன் செய்த குற்றம் என்ன? புரட்சிக்காரர்களுக்கு வைத்தியம் பார்த்தது. தண்டனை, கன்னித்தீவில் அடிமை வாழ்வு.

பந்துலு இந்தக் கதையை எடுத்தது எரோல் ஃபிளின் நடித்த 'கேப்டன் பிளட்' (1935) படத்திலிருந்து. அதற்கு மூலம் ரஃபேல் சபாட்டினியின் 1922 நாவல். அதோடு நின்றுவிடவில்லை. நாவலுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு வைத்தியர் இருக்கிறார், பெயர் ஹென்றி பிட்மன்.

1685இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்து மன்மத் பிரபு கலகம் செய்து தோற்றார். நீதிபதி ஜெஃப்ரீஸ் முன்னூறு பேருக்கு மேல் தூக்கில் போட வைத்தார். சுமார் 800 பேரைக் கப்பலேற்றினார்கள். கலகப்படையில் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் பார்த்த பிட்மனும் அதில் ஒருவர். பார்படோஸில் விற்கப்பட்டார். பத்து வருஷ வேலை என்று சட்டம். கூட வந்த தம்பி அங்கேயே செத்துப்போனார். 1687 மே மாதம் பிட்மன் சில தோழர்களோடு சின்னப் படகில் தப்பி, வெனிசுலாவை ஒட்டிய ஆளில்லாத் தீவில் ஆமைக்கறி தின்று பிழைத்தார். அங்கே வந்த கொள்ளையர்கள் கூட்டத்தில் சேரச் சொன்னார்கள், மறுத்தார். படகைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். கேப்டனும் ஆகவில்லை, பூங்கொடியும் கிடைக்கவில்லை! எப்படியோ ஊர் திரும்பி 1689இல் எல்லாவற்றையும் புத்தகமாக எழுதினார்.

பிட்மனுக்குப் பத்து வருஷக் கெடு. அதே தீவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஆப்பிரிக்கர்களுக்கு ஆயுசு முழுக்க, பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஃபிளின் படத்தில் கதை முழுக்க வெள்ளைக்கார அடிமைகளுடையது. அந்த ஆப்பிரிக்கர்களுக்கு அதில் இடமில்லை.

நம்ம படம் கதையைக் கற்பனையான நெய்தல் நாட்டுக்குக் கொண்டு வந்துவிட்டது. கற்பனையே தேவைப்பட்டிருக்காது என்று இப்போது தோன்றுகிறது. 1659 - 61 பஞ்சத்தில் தஞ்சைச் சீமையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை டச்சுக்காரர்கள் விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் ஏற்றினார்கள். பிட்மன் தப்பித்த அதே 1687, செப்டம்பர் மாதம் மட்டும் சென்னைப் பட்டினத்திலிருந்து 665 அடிமைகள் கப்பலேறியதாகக் கோட்டைப் பதிவு சொல்கிறது. மறு வருஷமே அங்கே அடிமை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இரக்கத்தால் அல்ல, முகலாயர்களின் கோபத்துக்குப் பயந்து.

பிட்மன் திரும்பி வந்து எழுதினார். அந்த 665 பேரில் யாருடைய பெயரையும் நான் இதுவரை எங்கும் பார்த்ததில்லை.