சுண்ணாம்பு தனிமமாக இருந்த காலம்



போன பொங்கலுக்கு ரெட்டியார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றியதும் அது கொதித்த கொதியைப் பார்த்து என் தம்பி கேட்டான், "இது தனிமமா, சேர்மமா?" சேர்மம், கால்சியம் ஆக்ஸைடு என்று பட்டென்று சொல்லிவிட்டேன். 1789-இல் லவாய்சியரிடம் கேட்டிருந்தால் தனிமம் என்றுதான் சொல்லியிருப்பார்!

அவருக்கும் நம்ம ஊருக்கும் ஒரு சுற்றுவழித் தொடர்பு உண்டு. ஏழாண்டுப் போரில், 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1763 பாரீஸ் உடன்படிக்கையால் ஊர் திரும்பக் கிடைத்தாலும், வங்காளம், பீகார் பக்கத்து வெடியுப்பு வணிகம் ஆங்கிலேயர் கையிலேயே தங்கிவிட்டது. வெடியுப்பு இல்லாமல் வெடிமருந்து ஏது? தட்டுப்பாட்டைத் தீர்க்க பிரெஞ்சு அரசு 1775-இல் வெடிமருந்து நிர்வாகத்தைப் புதிதாக அமைத்தது. அதன் நிர்வாகிகளில் ஒருவர் லவாய்சியர். அந்த வேலையால் பாரீஸ் ஆயுதக்கிடங்கில் அவருக்கு வீடு கிடைத்தது. அங்கேயே ஆய்வுக்கூடமும் அமைத்துக்கொண்டார். இந்தியாவில் தோற்ற போர்தான் வேதியியலுக்கு ஓர் ஆய்வுக்கூடம் கொடுத்தது என்றால் மிகைதான், ஆனால் முழுப் பொய்யில்லை.

அதுவரை நீர் ஒரு மூலப்பொருள். நம் பஞ்சபூதத்திலும் உண்டு, கிரேக்கர்களின் நான்கிலும் உண்டு. அது கூட்டுப்பொருள் என்று 1783-இல் லவாய்சியர் அறிவித்தார். பிறகு பழுக்கக் காய்ச்சிய துப்பாக்கிக் குழல் வழியே நீரைச் செலுத்திக் காட்டினார். ஆக்ஸிஜனை இரும்பு பிடித்துக்கொள்ள, ஹைட்ரஜன் மறுமுனையில் வந்தது. (ஆயுதக்கிடங்கில் துப்பாக்கிக் குழலுக்கா பஞ்சம்!)

1789-இல் வந்த அவருடைய நூலில் 33 தனிமங்களின் பட்டியல் இருக்கிறது. எது தனிமம்? இதுவரை எந்த வழியிலும் பிரிக்க முடியாத பொருள். "இதுவரை" என்ற சொல்தான் எனக்குப் பிடித்தது. நம் பாடப்புத்தக வரியில் அந்தத் தயக்கம் இல்லை. பட்டியலில் ஆக்ஸிஜன், கந்தகம், தங்கம் உண்டு. கூடவே ஒளி, வெப்பம், சுண்ணாம்பு! கிளிஞ்சலைச் சுட்டால் கார்பன் டை ஆக்ஸைடு போய்ச் சுண்ணாம்பு நிற்கும். அதற்கு மேல் எவ்வளவு சுட்டாலும் அது பிரியாது. ஆனாலும் இது ஏதோ ஓர் உலோகத்தின் ஆக்ஸைடாக இருக்கலாம் என்று அவரே சந்தேகப்பட்டு எழுதிவைத்தார். உறுதிசெய்ய அவருக்கு ஆயுள் இல்லை. 1794 மே 8-இல் புரட்சி அரசு அவர் தலையை வெட்டியது.

தீயால் முடியாததை மின்சாரம் செய்தது. 1808-இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி, மின்கல அடுக்கின் உதவியால் சுண்ணாம்பிலிருந்து கால்சியத்தைப் பிரித்தார்.

இவ்வளவும் சொல்லி முடித்ததும் தம்பி விடவில்லை. "அப்போ தங்கத்தையும் நாளைக்கு யாராவது பிரிச்சிடுவாங்களா?" நல்ல கேள்வி. 1913-இல் மோஸ்லி செய்த எக்ஸ் கதிர் ஆய்வுக்குப் பிறகு இலக்கணமே மாறிவிட்டது. இப்போது அணுக்கருவிலுள்ள புரோட்டான் எண்ணிக்கைதான் கணக்கு. கால்சியத்துக்கு 20, தங்கத்துக்கு 79. எந்த வேதிவினையும் அந்த எண்ணைத் தொடாது என்றேன். அவன் யோசித்துக்கொண்டே மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினான். இரண்டாம் பூச்சு இன்னும் பாக்கி இருந்தது.